போட்டாச்சா?

அந்த அறையின் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடியது. உட்காருவதற்கு முன்பே கவனித்துவிட்டேன். என் வேலை அப்படி. பஸ் நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிற டைம்கீப்பர் நான். டிரைவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை ‘அலாரம்’ என்கிறார்கள். எனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதில்லை.

“இந்தக் கடிகாரம் தப்பும்மா,” என்று நர்ஸிடம் சொன்னேன்.

“நாங்க அதைப் பாக்கறதில்லை. கிரீம் போட்ட நேரத்தைச் சீட்டுல எழுதிக்குவோம்.”

“எந்தக் கடிகாரத்தைப் பாத்து எழுதுவீங்க?”

நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தம்பி என் கையைத் தட்டினான். “விடுக்கா.”

அவன் ஆஸ்பத்திரி அங்கியில், சாய்வு நாற்காலியில் கிடந்தான். மூக்கின் இடது பக்கத்தைச் சுரண்டி, கிரீம் தடவி, அதன்மேல் வெளிச்சம் படாமல் வெள்ளித் தாள் ஒட்டியிருந்தார்கள். கிரீம் உள்ளே இறங்க மூன்று மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் சிவப்பு விளக்கு. அதுவரை திரையை இறக்கிவிட்ட அரையிருட்டில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது என் பரம்பரையிலேயே கிடையாது. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை ஏழு தடவை படித்தேன்.

தம்பி என்னைவிட மூன்று வயது இளையவன். சாலையில் வெள்ளைக் கோடு போடுகிற வேலை. பொடியைக் கொப்பரையில் உருக்கித் தள்ளுவண்டியில் ஊற்றி, கொதிக்கக் கொதிக்க இழுத்துக்கொண்டு போவான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘கோடு’. ஆளும் கோடு மாதிரி ஒல்லி, யார் போட்ட கோட்டையும் தாண்டவும் மாட்டான். இருபது வருட வெயில். நடுவில் உடம்பு கெட்ட பிறகு தொப்பி போட்டான், முழுக்கைச் சட்டை போட்டான். மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மூக்கு எந்தத் தொப்பிக்கும் அடங்காது.

அந்த மூக்கில்தான் வந்தது. முதலில் ஒரு சிவப்பு, அப்புறம் செதில் செதிலாக உரிந்தது. நான்கு மாதம் அதைப் பார்த்தேன். “மூக்குமேல கோபம்பாங்க, உனக்கு நிஜமாவே வந்து உக்காந்துடுச்சுடா,” என்று கிண்டல்கூடச் செய்தேன். கிண்டல் செய்துவிட்டு, “கிரியேட்டினின் எவ்வளவு?” என்று கேட்டேன். சொன்னான். நல்ல அளவு. நிம்மதியாகக் கூண்டுக்குப் போய்விட்டேன். கடைசியில் அவன் மனைவிதான் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து டாக்டரிடம் காட்டினாள். தோல் புற்றுநோய் என்றார்கள். மேல்தோலோடு நிற்கிறது, இன்னும் உள்ளே இறங்கவில்லை, அதனால் கத்தி வைக்காமல் வெளிச்சத்தை வைத்தே பார்க்கலாம் என்றார்கள்.

நான் ஏன் மூக்கைப் பார்த்துக்கொண்டு கிரியேட்டினினைக் கேட்டேன் என்றால், அவன் வயிற்றுக்குள் இருப்பது என் கிட்னி.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கொடுத்தேன். அடுத்தவர் உறுப்பு உள்ளே வந்தால் உடம்பு சண்டைக்கு நிற்கும். அந்தச் சண்டைக்காரனைத் தூங்க வைக்கத் தினமும் மாத்திரை, காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும். ஒன்பது வருடமாக இரண்டு எட்டுக்கும் நான் போன் செய்கிறேன். “போட்டாச்சா?” “போட்டாச்சுக்கா.” வைத்துவிடுவேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோதும் செய்தேன். அவன் கல்யாணத்தன்று போனுக்கு வேலை இல்லாமல் காதிலேயே கேட்டேன். “ஒரு வேளை விட்டே, மரியாதையா என் கிட்னியைத் திருப்பிக் குடுத்துடு,” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

தோல் டாக்டர் சின்ன வயதுப் பெண். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பேசுவார். ஆனால் புரிகிற மாதிரி சொல்வார்.

“இந்த கிரீம் கெட்ட செல்லுக்குள்ள போய் உக்காந்துக்கும். மேல சிவப்பு வெளிச்சம் அடிச்சா அந்த செல் செத்துடும்,” என்று முதல் நாளே எங்களை உட்காரவைத்து விளக்கினார். “ஆனா வெளிச்சத்துக்கு எல்லாமே மாட்டாது. சாகற செல் ஒரு கூப்பாடு போட்டுட்டுத்தான் சாகும்னு வெச்சுக்கோங்க. அதைக் கேட்டு உடம்போட எதிர்ப்புச் சக்தி எழுந்து வரணும். மிச்சம் மீதியை அதுதான் தேடிப் பிடிக்கும். இவருக்கு அது நல்லாத் தூங்குது. நாமதானே தூங்க வெச்சிருக்கோம்?”

அவர் பயந்தபடியே ஆனது. முதல் சுற்றில் பாதி போயிற்று, பாதி அப்படியே நின்றது. அப்புறம் அவரும் கிட்னி டாக்டரும் பேசி, அந்த மாத்திரைகளில் வெள்ளை மாத்திரையின் காலை வேளையை மட்டும் நிறுத்தினார்கள். இரவு மட்டும் ஒன்று. வாரம் ஒரு தடவை ரத்தம் எடுத்துக் கிட்னி தாங்குகிறதா என்று பார்ப்பது. ஆறு வாரம் அப்படி விட்டு, எதிர்ப்பு கொஞ்சம் கண் விழித்ததும் மறுபடி வெளிச்சம். “இந்தத் தடவையும் போகலேன்னா வெட்டித்தான் எடுக்கணும். மூக்குல சதை கம்மி, ஒரு பக்கமே போயிடும். அதுக்குள்ள அது உள்ள இறங்கிடுச்சுன்னா மூக்கைப் பத்தி யோசிக்கவே நேரம் இருக்காது,” என்றார்.

ஆறு வாரமும் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வாரா வாரம் ரத்த ரிப்போர்ட்டை நானே போய் வாங்கினேன். கிட்னி கெட்டால் ஏறுகிற கிரியேட்டினின் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. மாத்திரையைக் குறைத்தும் என் கிட்னி அசையவில்லை என்று பஸ் நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்றைக்கு அந்த இரண்டாம் சுற்று.

மணி பத்தரை. அவர்கள் கடிகாரத்தில் பத்து இருபத்தாறு. தம்பியின் சட்டை என் மடியில் இருந்தது. கை சும்மா இருக்காமல் அதை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தேன். வெள்ளை மாத்திரை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வாங்கிக் கொடுத்த அட்டைதான், ஓரத்தில் நான் பேனாவால் போட்ட தேதி இருந்தது. பத்து மாத்திரை. இன்று செவ்வாய் காலை. நான்கு இரவு, நான்கு மாத்திரை, மீதி ஆறு இருக்க வேண்டும்.

இரண்டுதான் இருந்தது.

வண்டி நேரம் பார்த்துப் பார்த்துப் பழகிய மண்டை, தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. வெள்ளி இரவு ஒன்று. சனி, ஞாயிறு, திங்கள் இரண்டிரண்டு. இன்று காலை ஒன்று. எட்டு. அச்சுப் பிசகாமல் எட்டு.

“டேய்,” என்றேன்.

அவன் கண்ணைத் திறந்தான். என் கையில் இருந்ததைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

“காலையிலயும் போடறியா?”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“எத்தனை நாளா?”

“நிறுத்தவே இல்லைக்கா.”

ஒரு புள்ளிகூட ஏறாத அந்த ஆறு ரிப்போர்ட்டும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. எப்படி ஏறும்? மூக்கில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்க, உள்ளே காவல்காரனை ஆறு வாரமும் இவன் தாலாட்டித் தூங்க வைத்திருக்கிறான்.

“உனக்குப் பைத்தியமாடா? டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, நீ தலையைத் தலையை ஆட்டினியே! உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“தெரியும். தினம் சண்டை. அக்காகிட்ட சொல்லிடுங்கன்னா. நான்தான் சொல்லலை.”

“ஏன்?”

“வெளிச்சத்துலயே போயிடும்னு நெனச்சேன்க்கா.”

“பொய் சொல்லாதே. வெளிச்சத்துல போகாதுன்னு உனக்கும் தெரியும். ஏன்டா?”

அவன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். வெள்ளித் தாள் ஒட்டிய மூக்கோடு அவனைப் பார்க்க வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

“நீதானே சொன்னே, ஒரு வேளை விட்டா திருப்பிக் குடுத்துடுன்னு.”

“அது வேடிக்கைடா!”

“உனக்கு வேடிக்கை. நான் எதைத் திருப்பிக் குடுப்பேன்? வண்டியைத் திருப்பிக் குடுக்க முடியுமா?”

அவன் சட்டையை எடுத்து மறுபடி மடித்தேன்.

வண்டி என்று அவன் சொன்னது பஸ்ஸை. நான் டைம்கீப்பராக வேலைக்குச் சேர்ந்தவள் இல்லை. டிரைவராகத்தான் எடுத்தார்கள். பயிற்சி முடிய ஒன்பது நாள் இருந்தது. பெரிய வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வளைவில் திருப்பி, கண்ணாடியில் பின்னால் நீளமாகத் திரும்பி வருகிற என் வண்டியின் உடம்பைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. அப்போதுதான் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. ஒரு கிட்னியோடு இருக்கிறவளுக்குப் பெரிய வண்டி தர மாட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பரிதாபப்பட்டுக் கூண்டைக் கொடுத்தார்கள். ஒன்பது வருடமாக அடுத்தவர்கள் ஓட்டுகிற வண்டிக்கு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை நான் அவனிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். மழை பெய்து, எல்லா வண்டியும் தாமதமாகி, ஆளாளுக்கு என்னைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு நாள். அவன் குடையோடு கூண்டு வாசலில் வந்து நின்றான். “உனக்குக் குடுத்ததுலதான் நான் இதுக்குள்ள வந்து மாட்டினேன்,” என்று கத்திவிட்டேன். கத்திய கையோடு, “சும்மா சொன்னேன்டா,” என்றேன். “சரிக்கா,” என்று சிரித்துவிட்டு, குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனான்.

சும்மா சொல்லவில்லை. மனதார, வயிறெரிந்து சொன்னேன். அவனுக்கும் அது தெரிந்திருக்கிறது.

“ரெண்டுல எது போனா பரவாயில்லைன்னு பாத்தா, மூக்கு என்னோடதுக்கா,” என்றான். “போனா என்னோட போகும். அது உன்னோடது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன். அறைகிற இடத்தில் தாள் ஒட்டியிருந்தது. எழுந்து நடந்தேன். கதவு வரை எட்டு அடி, திரும்ப எட்டு அடி. யார்மேல் கோபம் என்று நடக்க நடக்கத்தான் புரிந்தது. சின்ன வயதிலிருந்து நானும் இவனும் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள். நான் ஒன்று சொன்னால் இவன் ஒன்பது சொல்வான், ஒரு தடவை என் தலையில் மைப்புட்டியையே கவிழ்த்தவன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. எதற்கும் சரிக்கா. பிள்ளை திருந்திவிட்டான், பாசம் கூடிவிட்டது என்று நான் உச்சி குளிர்ந்து போயிருந்தேன். வாங்கிக்கொண்டவன் எப்படிச் சண்டை போடுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு எட்டுக்கும் போன் செய்தேனே, எப்படிடா இருக்கே என்று ஒரு நாள் கேட்டேனா? கிட்னிக்குத்தான் போன் செய்திருக்கிறேன். அவன் இடையில் நின்று எடுத்துப் பேசியிருக்கிறான்.

நேராகப் போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அட்டையைக் காட்டிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“ஆறு வாரம் வீணாப் போச்சு,” என்றார். “சரி, கிரீம் போட்டாச்சு. இன்னிக்கு வெளிச்சத்தைக் குடுத்துடுவோம், அடுத்த வாரம் இன்னொரு தடவை. ஆனா இன்னிலேர்ந்து மாத்திரை நிஜமாவே குறையணும். இல்லேன்னா இதெல்லாம் வெறும் சூடு போடற மாதிரிதான்.” தம்பியைப் பார்த்தார். “கிட்னிக்கு ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். வாரா வாரம் பாப்போம், லேசா ஏறினாலும் உடனே பிடிக்கப் பாப்போம். ஆனா போகவே போகாதுன்னு எழுதிக் குடுக்க முடியாது. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க.”

“அக்காவைக் கேளுங்க.”

“அவங்களை ஏன் கேக்கணும்?”

“அவளோடது டாக்டர்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். அக்கா என்றால் அந்த நொடியில் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கிட்னி வேண்டும். அது அவனுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் என் பஸ் போனதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதுவும் போய்விட்டால் அந்த ஒன்பது நாள் எதற்குப் போயிற்று, இந்த ஒன்பது வருடம் எதற்குப் போயிற்று? இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, அரையிருட்டில், அவனுடைய மூக்கைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். என் பதிலுக்குக் காத்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருந்தான். நான் கூடாது என்றால் மூக்கைக் கொடுத்திருப்பான். அதற்கு மேலும் கொடுத்திருப்பான்.

“கிட்னி போனா போகட்டும்டா,” என்றேன். “மறுபடி டயாலிசிஸ் மெஷின்ல போட்டுப் பாத்துக்கலாம். நீ போயிட்டா நான் யாரைத் திட்டறது?”

“சரிக்கா.”

“சரிக்கான்னு சொல்லாதே! என்கிட்ட சொல்லாதே. டாக்டர்கிட்ட சொல்லு. உன் வாயால சொல்லு.”

அவன் டாக்டர் பக்கம் திரும்பினான். “குறைச்சுக்கறேன் டாக்டர்,” என்றான். மிக மரியாதையாகச் சொன்னான். ஆறு வாரத்துக்கு முன்னாலும் இதே மாதிரிதான் சொன்னான், இதே குரல், இதே தலையாட்டல். அவன் சம்மதித்தானா, நான் சொன்னதற்காக இன்னொரு தடவை தலையாட்டினானா? நாளைக் காலை எட்டு மணிக்கு அவன் கை தானாகப் பைக்குள் போனால் பிடித்துத் தடுக்க நான் அங்கே இருக்க மாட்டேன்.

நேரம் ஆனதும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். நர்ஸ் தாளை உரித்துக் கிரீமைத் துடைத்தாள். அவனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி, எனக்கு ஒன்று. வளைந்த கழுத்து விளக்கை அவன் முகத்துக்குக் கிட்டத்தில் இழுத்து நிறுத்தினாள். எட்டு நிமிடம் என்றாள். அறை முழுக்கச் சிவப்பு பரவியது.

“எரியும். போன தடவைவிட அதிகமா எரியலாம்,” என்று அவனிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பி, “ஏதாவது பேசிக்கிட்டே இருங்கம்மா, கவனம் திரும்பும்,” என்றாள்.

பேசுவதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆரம்பித்தேன். ஏழாம் நம்பர் வண்டி டிரைவர் தினமும் டீயைக் குடித்துவிட்டு டயர் பஞ்சர் என்று கதை விடுவதைச் சொன்னேன். அவன் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. அவன் மனைவி எவ்வளவு கெட்டிக்காரி என்று சொன்னேன். மூச்சு இரைத்தது அவனுக்கு. நர்ஸ் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் நிறையக் குடி, இரண்டு நாள் வெளிச்சத்தில் தலை காட்டாதே, ஜன்னலுக்குத் திரை போடு, இருக்கிற திரை பத்தாது, கெட்டித் துணியாகப் போடு, நானே வந்து மாட்டுகிறேன், ஆணி இருக்கிறதா, சுத்தியல் இருக்கிறதா, அன்றைக்கு நீ வாங்கிப்போன சுத்தியலைத் திருப்பித் தரவே இல்லை...

“அய்யோ, கொஞ்ச நேரம் வாயை மூடேன்க்கா!”

நர்ஸின் கை அப்படியே நின்றது. கத்தியது தம்பிதான். பக்கத்து அறை வரைக்கும் கேட்டிருக்கும்.

“மனுஷன் இங்க எரிஞ்சு சாகறேன். ஆணியாம், சுத்தியலாம்! தொணதொணன்னு! என் வீட்டு ஜன்னல் எனக்குத் தெரியும், என் மாத்திரையும் எனக்குத் தெரியும். நாளையிலேர்ந்து எட்டு மணிக்குப் போன் பண்ணினே, எடுக்கவே மாட்டேன் பாரு!”

சின்ன வயதில் என் தலையில் மைப்புட்டியைக் கவிழ்த்தவனின் குரல். செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன். கறுப்புக் கண்ணாடிக்குள் எனக்குக் கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, வாய் வரைக்கும் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“சரிடா,” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.